மின்சாரம் விலக்கிய மேடை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், கிளிஞ்ச் மலையடிவாரத்தில் ஹில்டன்ஸ் என்றொரு சிற்றூர். சனிக்கிழமை இரவானால் சுற்றுவட்டாரத்துச் சனம் ‘கார்ட்டர் ஃபோல்ட்’ என்ற மரக்கொட்டகையில் கூடிவிடும். அங்கே இரண்டு கட்டளைகள். மது கூடாது. மேடையில் மின்சாரக் கருவி கூடாது. பிடில், பேஞ்சோ, கிதார், மாண்டலின், ஆளுயரத்துக்கு நிற்கும் பேஸ் எல்லாமே மரமும் கம்பியும் தோலுமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மேடையில் மைக் இருக்கிறது. ஒலிபெருக்கியும் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர் உட்காரும் கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கும் பாட்டு கேட்க வேண்டுமே!

தர்க்கம் படித்தவர் இதைக் கண்டால் சிரித்துவிடுவார். கிதாருக்குள் புகக்கூடாத மின்சாரம் கிதாருக்கு எதிரே நிற்கலாமா? விரதம் இருந்து பழகியவர் சிரிக்க மாட்டார். வெங்காயமும் பூண்டும் விலக்கிய வீட்டில் பெருங்காயம் கமகமக்கிறது. யாரும் அதை முரண்பாடாக எண்ணுவதில்லை. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், போட்டாயிற்று. அந்தக் கோடு தற்செயலாக அங்கே விழுந்தது என்று தெரிந்த பிறகும் அதற்கு மதிப்பு உண்டா? கார்ட்டர் ஃபோல்ட் கிளப்புகிற கேள்வி இதுதான். அந்த மலைப்பக்கத்தில் இது பாட்டுக்காரர்களின் கேள்வியாக ஆவதற்கு வெகுகாலம் முன்பே திருச்சபைகளின் கேள்வியாக இருந்தது.

கொட்டகைகளின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம், அதிலேயே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஹில்டன்ஸுக்குக் கிழக்கே மரியன் என்ற ஊரில் 1929-இல் கட்டப்பட்ட லிங்கன் தியேட்டர் இருக்கிறது. மாயன் கோயில் பாணி அலங்காரமும், சுவரில் பெரிய சித்திரங்களுமாகக் கண்ணைப் பறிக்கும் சினிமா அரங்கு. 1977-இல் மூடப்பட்டு, பாழடைந்து, புதுப்பிக்கப்பட்டு 2004-இல் திறந்தது. இன்று மலைநாட்டுப் பாட்டுக் கச்சேரிகளுக்குப் பேர்போனது. எல்லை தாண்டினால் வட கரோலினாவின் மவுன்ட் ஏரி. அங்கும் பழைய சினிமாக் கொட்டகையான எர்ல் தியேட்டரில்தான் உள்ளூர்க்காரர்கள் பிடிலும் பேஞ்சோவுமாகக் கூடுகிறார்கள். 1948-இல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ.க்யூ. வானொலி தன் சனிக்கிழமை நிகழ்ச்சியை அங்கிருந்து நேரடியாக ஒலிபரப்புகிறது. கேலக்ஸ் ஊரின் ரெக்ஸ் தியேட்டரும் இந்த வகைதான்.

வேடிக்கை இங்கே வருகிறது. பேசும்படம் வந்ததும், ஊமைப்படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கலைஞர்களைச் சினிமாக் கொட்டகைகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1930-ஐ ஒட்டிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துப் போராடியது. டப்பாவில் அடைத்த இசையை எந்திர மனிதன் பரிமாறுவதாகப் படம்கூடப் போட்டார்கள். பலிக்கவில்லை. மனிதர் வாசித்த இசையை விரட்டியடித்த அதே வகைக் கொட்டகைகள், சினிமாவும் கைவிட்ட பிறகு, அந்த இசையைக் கூப்பிட்டுத்தான் பிழைத்துக்கொண்டன.

இனி சபைக்குள் போவோம். கிழக்குக் கென்டக்கியிலும் அதை ஒட்டிய வர்ஜீனியா மலைகளிலும் ‘ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட்’ என்ற பிரிவினர் இருக்கிறார்கள். அவர்களது ஆலயத்தில் எந்தக் கருவியும் இல்லை. பியானோ, ஆர்கன் எதுவும் கிடையாது. ஒருவர் ஓர் அடியை விறுவிறுவென்று எடுத்துக்கொடுப்பார். சபையார் அதையே இழுத்து, நெளித்து, மெதுவாகப் பாடுவார்கள். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடினாலும் அவரவர் வழியில் வளைத்துப் போவார்கள்; குரல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே நகரும். முதன்முறை கேட்பவருக்கு அது பாட்டா ஒப்பாரியா என்று சந்தேகம் வரலாம்.

அடி எடுத்துக்கொடுக்கும் இந்த முறை பதினேழாம் நூற்றாண்டு பிரிட்டனிலிருந்து வந்தது. அன்று சபையில் பலருக்கு எழுத்து தெரியாது, புத்தகமும் போதாது. ஆகவே ஒருவர் வாசித்துக் கொடுக்க மற்றவர் பாடினார்கள். இன்று எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், கையில் பாட்டுப் புத்தகமும் உண்டு. ஆனாலும் அடி எடுத்துக்கொடுப்பது நின்றபாடில்லை. காரணம் கழன்றுவிட்டது, வழக்கம் இருக்கிறது. அதை மூடப்பழக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஒருவர் வாயிலிருந்து வாங்கித்தான் இன்னொருவர் பாட முடியும் என்ற ஏற்பாடு, எழுத்தறியாமைக்குப் பரிகாரமாக வந்து, பிறகு தானே ஒரு வழிபாடாகிவிட்டது. புத்தகத்தைப் பார்த்துத் தனியே பாடிவிடக்கூடியவர்கள் அப்படிப் பாடாமல் இருப்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது.

கருவிகளை ஏன் விலக்கினார்கள்? புதிய ஏற்பாடு பாடச் சொல்கிறது, வாசிக்கச் சொல்லவில்லை என்பது ஒரு பதில். அதற்கு அடியில் இன்னும் ஆழமான அச்சம் ஒன்று இருந்தது. மலைநாட்டில் பலர் பிடிலைச் ‘சாத்தானின் பெட்டி’ என்றே சொன்னார்கள். நடனம், சாராயம், சண்டை எல்லாம் அதன் பின்னாலேயே வரும் என்பது கணக்கு. இந்த அச்சம் மலைநாட்டோடு நிற்பதல்ல. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1520-களில் ஆலயங்களின் ஆர்கன்களை மௌனமாக்கிய சீர்திருத்தவாதி ஸ்விங்கிலி, பல கருவிகளை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். இசையின் வலிமை தெரியாதவர் அதைத் தடுக்க மாட்டார் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த அச்சத்தை மிக நேர்மையாக எழுதிவைத்தவர் புனித அகுஸ்தீன். மிலான் ஆலயத்தில் கேட்ட பாட்டு தன்னை அழவைத்ததைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் சொல்கிறார். பத்தாம் பகுதியில் தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடுகிற குரல் தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அது பாவமல்லவா? அலெக்சாண்டிரியாவின் அத்தனாசியுஸ் சங்கீதங்களைப் பேச்சுக்கு நெருக்கமாக, ஏற்ற இறக்கத்தைக் குறைத்துச் சொல்லவைத்தாராமே, அதுவே பாதுகாப்போ என்று நினைக்கிறார். பிறகு தான் விட்ட கண்ணீர் ஞாபகம் வருகிறது; பாட்டு இருக்கட்டும் என்ற பக்கம் சாய்கிறார். முழு மனத்தோடு சாய்ந்தாரா என்றால், இல்லை. அந்தத் தத்தளிப்பைத் தீர்க்காமல் விட்டதுதான் அந்தப் பக்கங்களின் அழகு.

கருவி விலக்கிய சபையில் வளர்ந்தவர்களில் உலகறிந்த ஒருவர் ரால்ஃப் ஸ்டான்லி. வர்ஜீனியாவின் டிக்கன்சன் கவுண்டிக்காரர். ‘பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட்’ பின்னணி. வெளியில் பேஞ்சோ வாசித்துப் பெயரெடுத்தார். ஆனால் 2000-இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ திரைப்படத்துக்காக மரணத்தை நோக்கிய பழைய புலம்பல் பாட்டொன்றைப் பாடியபோது பக்கவாத்தியம் எதுவும் இல்லை. எழுபதைத் தாண்டிய தனிக்குரல் மட்டும். அதற்கு 2002-இல் கிராமி விருது கிடைத்தது. சபை தடைசெய்ததால் பிறந்த பாணி, சினிமா மூலமாக, மின்சாரம் மூலமாக, கோடிக்கணக்கான காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹில்டன்ஸ் கொட்டகைக்குப் பெயர்தந்த கார்ட்டர் குடும்பத்தின் கதையிலும் இதே முடிச்சுதான் விழுந்து கிடக்கிறது. ஏ.பி. கார்ட்டர் பழமரக் கன்று விற்று ஊர் ஊராகத் திரிந்தவர். கூடப் பாடியவர்கள் மனைவி சாராவும், சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெலும். மேபெல் ஏ.பி.யின் தம்பி மனைவியும்கூட. 1927 ஆகஸ்டு முதல் தேதி மூவரும் பிரிஸ்டல் நகரில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியின் ரால்ஃப் பீர் முன்னால் பாடினார்கள். மேபெலுக்குப் பதினெட்டு வயது, நிறைமாத வயிறு. அன்றும் மறுநாளுமாக ஆறு பாட்டுகள் பதிவாயின. பழைய தகரக் கூம்புக்குள் கத்திப் பாடிப் பதிவுசெய்யும் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. 1925-இல் மின்சார மைக் வந்துவிட்டது. சாராவின் அலட்டிக்கொள்ளாத குரலும், மேபெலின் பெருவிரல் கீழ்க்கம்பிகளில் மெட்டை மீட்ட மற்ற விரல்கள் தாளத்தைத் தட்டும் வாசிப்பும் கூம்புக்குள் இப்படி இறங்கியிருக்காது. மின்சாரம் இல்லாத பாட்டின் மூலவர்கள் என்று இன்று கும்பிடப்படுகிறவர்கள் மின்சாரத்தின் தயவில்தான் நமக்குக் கிடைத்தார்கள்.

கருவிகளை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. பேஞ்சோவின் மூதாதை ஆப்பிரிக்கா; அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவண்ணம். சாரா மடியில் வைத்து மீட்டிய ஆட்டோஹார்ப், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட புதுமைப் பொருள். மேபெல் வாங்கிய கிப்ஸன் எல்-5 கிதாரின் விலை 275 டாலர். ஜாஸ் வாத்தியக் குழுக்களில் மற்றக் கருவிகளின் சத்தத்துக்கு ஈடுகொடுத்துப் பெயர்பெற்ற வகை அது. இன்று நாஷ்வில் நகரின் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழமையின் சின்னங்கள் என்று நாம் தொட்டுக் கும்பிடுகிற ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பெரியவர்கள் முகம்சுளித்த புதுச்சரக்காக இருந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு கதை இருக்கிறது. நேரில் கேட்கும் குரல்தான் உண்மையானது என்று அடித்துப் பேசுபவர்களைத் திணறவைக்கும் கதை. சாராவும் ஏ.பி.யும் பிரிந்தார்கள், 1936-இல் மணமுறிவு. சாராவின் மனம் ஏ.பி.யின் ஒன்றுவிட்ட சகோதரர் காய் பேயஸ் மீது இருந்தது. அவரோ குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். 1938-இல் கார்ட்டர் குடும்பம் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற வானொலியில் பாடப் போனது. டெக்சாஸ் எல்லைக்கு அக்கரையில், மெக்சிக்கோ மண்ணில் நின்ற நிலையம். அமெரிக்கச் சட்டம் எட்டாத இடம். நடத்தியவர் ஜான் பிரிங்க்லி. ஆண்மைக்குறைவுக்கு ஆட்டின் விரையை மனிதருக்கு ஒட்டவைத்துப் பணம் குவித்த போலி வைத்தியர். அவருடைய ஒலிபரப்பு 5 லட்சம் வாட் சக்தியில் கண்டத்தையே மூடியது. ஒருநாள் சாரா ஒரு காதல் பாட்டைக் காய் பேயஸின் பெயர் சொல்லிப் பாடினாராம். கலிஃபோர்னியாவில் அது காய் காதில் விழுந்ததாம், கிளம்பி வந்துவிட்டாராம். குடும்பத்தில் சொல்லிவரும் கதை இது. 1939-இல் இருவரும் மணந்துகொண்டது மட்டும் ஊரறிந்த செய்தி. பாடியவர் அருகில் இல்லை, இடையில் போலி வைத்தியரின் ராட்சசக் கோபுரம். ஆனாலும் சாராவின் குரல் சேர வேண்டிய ஒரே காதுக்குச் சேர்ந்துவிட்டது.

அப்படியானால் ‘தூய ஒலி’ என்ற பேச்சே பொய்யா? பெரும்பாலும் பொய்தான். பொய்யாக மட்டும் இருந்தால் தேவலை, சில நேரம் அது விஷமும் கக்கியிருக்கிறது. 1920-களில் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு பழைய பிடில் பாட்டையும் சதுர நடனத்தையும் பணம் கொட்டி வளர்த்தார். பழமைமேல் அவருக்கு இருந்த பாசத்தோடு, ஜாஸ் யூதர்களின் சதி என்று அவருடைய பத்திரிகை கக்கிய வெறுப்பும் கலந்திருந்தது. ரால்ஃப் பீர் போன்றவர்கள் இசைத்தட்டுப் பட்டியலை இரண்டாகப் பிரித்தார்கள்: கறுப்பர்களுக்கு ஒன்று, மலைநாட்டு வெள்ளையர்களுக்கு ஒன்று. பாட்டுகளோ அந்த வேலியை மதிக்கவே இல்லை.

அதற்குச் சாட்சி லெஸ்லி ரிடில். டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் இருந்த கறுப்பினக் கிதார்க்காரர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி. பாட்டுத் தேடி அலைந்தபோது கூடப் போனார். ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டு அவர் மனத்தில் தங்காது. ரிடில் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டுவார், குடும்பம் கற்றுக்கொள்ளும். மேபெலும் அவரிடம் கற்றதுண்டு. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத பயணத்தில் பதிவுக் கருவியாக இருந்தவர் ஒரு மனிதர். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 1960-களில் நாட்டார் இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டுபிடித்து அவர் வாசிப்பைப் பதிவுசெய்தார். தூய்மை பேசுகிற எந்த மரபும் முதலில் இந்த மாதிரி ஆட்களைத்தான் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் கார்ட்டர் ஃபோல்டின் கட்டளையை எள்ளித் தள்ள முடியவில்லை. அதை ஏற்படுத்தியவர் ஏ.பி.யின் மகள் ஜானெட். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். பாட்டைக் காப்பாற்றுவேன் என்று 1960-இல் இறந்த தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1974-இல் அப்பாவின் பழைய மளிகைக் கடையிலேயே கச்சேரியைத் தொடங்கினார். கூட்டம் கொள்ளாமல் இரண்டு ஆண்டுகளில் பக்கத்தில் கொட்டகை எழுந்தது. அவர் காப்பாற்ற நினைத்தது ஓர் ஒலியை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். கூடுவதற்கான ஒரு முறையைக் காப்பாற்றினார் என்று கொண்டால் எல்லாம் பொருந்திவிடும்.

இங்கே கைகொடுப்பவர் ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதின் சூஃபி ஞானி ஜுனைத். இறைப்பாட்டு கேட்பதற்கு மூன்று வேண்டும் என்றார்: காலம், இடம், உடனிருப்போர். இஸ்லாத்தில் இசை கூடுமா கூடாதா என்ற நெடிய வழக்கில் இமாம் கஸ்ஸாலி இந்த வாக்கைத்தான் எடுத்தாள்கிறார். ஒலியில் ஆகும் ஒலி, ஆகாத ஒலி என்று பிரிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. யார், எப்போது, எங்கே, யாரோடு கேட்கிறார் என்றும் விசாரிக்கிறார். அகுஸ்தீன் தன் நெஞ்சை மட்டும் துருவிக்கொண்டிருந்தார். ஜுனைத் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கணக்கில் சேர்க்கிறார். இந்த விஷயத்தில் ஜுனைத் ஒரு படி கூடுதலாகப் பார்த்துவிட்டார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

மின்சாரக் கிதாரும் டிரம் செட்டும் ஏறினால் ஹில்டன்ஸ் மேடையில் என்ன மாறும்? சத்தத்தோடு விகிதமும் மாறும். இப்போது மேடைக்கு முன்னால் வெற்றுத்தரை ஒன்று விட்டிருக்கிறார்கள். தாத்தா, பேத்தி, வழிப்போக்கர் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து காலால் தாளம் தட்டி ஆடலாம். லாடம் அடித்த செருப்போடு வருபவர்களும் உண்டு. அந்தத் தட்டல்தான் அங்கே தாள வாத்தியம். டிரம் வந்த மறுவாரமே அந்தக் கால்கள் வேடிக்கை பார்க்கப் போய்விடும். ‘சேக்ரட் ஹார்ப்’ பாடகர்கள் இதை இன்னும் தீவிரமாகப் பிடித்துக்கொண்டவர்கள். 1844-இல் வெளிவந்த அந்தப் பாட்டுப் புத்தகத்தை வைத்து நான்கு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துச் சதுரமாக உட்கார்ந்து, கருவி இல்லாமல் உரக்கப் பாடுவார்கள். கேட்போர் என்று ஒரு தரப்பே அங்கு கிடையாது. ஹில்டன்ஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் எழுந்து கலந்துகொள்ள ஒரு சந்து மட்டும் விட்டுவைத்திருக்கிறது. கோடு எங்கே விழுந்தது என்பதைவிட, அது எதற்கு இடம்விடுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கோட்டைப் போட்டவரே ஒருமுறை தளர்த்தவும் செய்தார். மேபெலின் மகள் ஜூனை மணந்த ஜானி கேஷ் மின்சாரக் கிதார் ஒலிக்கும் தன் குழுவோடு வந்தபோது ஜானெட் தடுக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளை! கேஷ் கடைசியாக மேடை ஏறியதும் அங்கேதான்: 2003 ஜூலை 5, ஜூன் இறந்த ஏழு வாரத்தில். மாப்பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று கேட்கலாம்தான். ஆனால் விதி காப்பாற்ற நினைத்தது குடும்பக் கூடலை என்றால், குடும்பத்துக்காக விதி வளைந்ததில் குற்றம் காண்பது கடினம்.

சரி, இனி அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்? 2005-இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பேஞ்சோக் கலைஞர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள் ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ரியானன் கிடன்ஸ். மெபேன் ஊருக்குப் போய், எண்பது வயது தாண்டிய கறுப்பினப் பிடில்காரர் ஜோ தாம்ப்சன் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட் சபையில் அடி எடுத்துக்கொடுப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

2011-இல் அவர்களுக்குக் கிராமி வாங்கித்தந்த இசைத்தட்டில் பழைய நடனப் பாட்டுகள் நிறைய உண்டு. நடுவே 2001-இன் வானொலி ஹிட் ஒன்றும் இருக்கிறது. துணைவனின் துரோகத்துக்கு அவன் பணத்தைச் செலவழித்துப் பழிவாங்கும் நகரத்துப் பாட்டு. அதைப் பிடிலும் பேஞ்சோவும் வைத்துப் பாடுகிறார்கள். தாளத்துக்கு டிரம் இல்லை. ஒருவர் வாயாலேயே டிரம் மெஷினைப் போலத் தட்டுகிறார். கருவிக்குள் மின்சாரம் இல்லை. பாட்டும் தாளமும் முழுக்க மின்சார யுகத்துச் சரக்கு. சாத்தானின் பெட்டியை விலக்கிய மூப்பர்களுக்கு வாய் ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த வாயே பெட்டியாகிவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.